கணிப்பொறிக்கு ஒரு காவலாளி

பள்ளியில் கொடுத்த திட்டப்பணிக்காக மூன்று வாரம் உழைத்து, அளவீடுகளையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றி, வரைபடங்களும் போட்டு முடித்துவிட்டீர்கள். அச்செடுப்பதற்காக அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போகிறீர்கள். வீடு திரும்பியதும் பென் டிரைவை மறுபடியும் செருகிப் பார்த்தால், உள்ளேயிருக்கும் ஃபோல்டர் படங்களின் மூலையில் எல்லாம் ஒரு சிறிய வளைந்த அம்புக்குறி முளைத்திருக்கிறது. ஒன்றைத் திறக்கிறீர்கள். ஒரு கணம் கறுப்புத் திரை மின்னி மறைகிறது. அவ்வளவுதான்! கடைக் கணிப்பொறியில் குடியிருந்தது உங்கள் வீட்டுக்கும் குடிவந்துவிட்டது.

உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்கமாட்டா, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆனால் அதே கணிப்பொறியில்தான் அப்பா மின்கட்டணம் செலுத்துகிறார். அக்கா கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் படங்களும் அதில்தான் இருக்கின்றன. வந்த விருந்தாளி இவற்றில் எதைத் தொடப்போகிறான் என்பது நமக்குத் தெரியாது.

"எந்த ஆன்டிவைரஸ் போடலாம், சார்?" என்று இயற்பியல் நடத்தும் என்னிடமே மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் இந்த ஆண்டு முதல் வரிசையில் இருப்பது அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. எனவே பெயருக்குப் பதிலாக, இந்தக் காவலாளி எப்படி வேலை செய்கிறான், எங்கே தவறுகிறான் என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் தேர்வை நீங்களே செய்துகொள்வீர்கள்.

விளையாட்டாகத் தொடங்கியது

1982ஆம் ஆண்டில், உங்களைப் போலவே உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயது அமெரிக்க மாணவர், ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக 'எல்க் குளோனர்' என்றொரு புரோகிராமை எழுதினார். ஒரு ஃபிளாப்பித் தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்கு அது தானே தொற்றிக்கொள்ளும். ஐம்பதாவது முறை தட்டைப் பயன்படுத்தும்போது திரையில் ஒரு கிறுக்குப் பாட்டு தோன்றும். நண்பர்களைச் சீண்டுவதற்காக எழுதப்பட்ட குறும்பு அது.

அடுத்த ஆண்டு, தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் கோஹென் இதை ஓர் ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டார். தன்னைத்தானே பிரதி எடுத்து மற்றப் புரோகிராம்களுக்குள் புகுத்திக்கொள்ளும் புரோகிராம் ஒன்றை எழுதி, அனுமதி பெற்று, பலர் பயன்படுத்திய ஒரு கணிப்பொறியில் ஓடவிட்டார். ஐந்து முறை சோதனை நடந்தது. ஐந்து முறையும் ஒரு மணி நேரத்துக்குள் கணிப்பொறியின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்துவிட்டது. ஒருமுறை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை! 'வைரஸ்' என்ற பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியனார்டு ஏடில்மன். பொருத்தமான பெயர்தான். உயிருள்ள வைரஸ் தனித்து இருக்கும்போது வெறும் துகள். ஒரு செல்லுக்குள் புகுந்தால் அந்தச் செல்லின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. கணிப்பொறி வைரஸும் அப்படியே.

1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரத்திலிருந்து 'பிரெயின்' என்ற வைரஸ் கிளம்பியது. அதை எழுதிய சகோதரர்கள் இருவரும் தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். இன்றைய வைரஸ்காரர்களிடம் இந்த நாகரிகத்தை எதிர்பார்க்க முடியாது! இன்று இது பணம் பறிக்கும் தொழில்.

ஒற்றன் வேறு, வைரஸ் வேறு

வைரஸ் தானே பரவும். உளவு மென்பொருளுக்கு, அதாவது ஸ்பைவேருக்கு, பரவும் நோக்கம் இல்லை. ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து, நீங்கள் எந்தெந்த வலைத்தளத்துக்குப் போகிறீர்கள், விசைப்பலகையில் எதைத் தட்டுகிறீர்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டு எங்கோ இருக்கும் எசமானனுக்கு அனுப்பும். அப்பா தட்டும் வங்கிக் கடவுச்சொல்லும் அதில் அடங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வைரஸ் திருட்டுத்தனமாக நுழைகிறது. உளவு மென்பொருளில் பெரும்பகுதியோ நம்மிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டே நுழைகிறது! இலவச விளையாட்டு ஒன்றை நிறுவும்போது நீண்டதொரு ஒப்பந்தம் திரையில் வருகிறது. யாரும் படிப்பதில்லை, 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்திவிடுகிறோம். உடன் வரும் உளவாளியைப் பற்றிய வரி அந்த ஒப்பந்தத்துக்குள் எங்கோ ஒளிந்திருக்கும். உடையவரே சம்மதித்து உள்ளே விட்டதை வைரஸ் என்று எப்படிச் சொல்வது? ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தொடக்கத்தில் இப்படித் தயங்கின. அதனால்தான் 2000ஆம் ஆண்டை ஒட்டி உளவு மென்பொருளை மட்டும் பிடிப்பதற்கென்று தனிப் புரோகிராம்கள் தோன்றின. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2004 டிசம்பரில் அத்தகைய ஒரு நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. அந்தப் புரோகிராம்தான் பின்னர் 'விண்டோஸ் டிஃபென்டர்' ஆயிற்று. முதலில் உளவாளிகளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த அது, 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் வைரஸ்களையும் பிடிக்கும் முழுக் காவலாளியாக மாறியது. இன்று நல்ல ஆன்டிவைரஸ் எதுவாயினும் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கிறது. உளவுக்கென்று தனியாக ஒன்றை வாங்கவேண்டிய காலம் போய்விட்டது.

பிடிப்பது எப்படி?

காவல் நிலையச் சுவரில் தேடப்படுவோரின் படங்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆன்டிவைரஸின் மிகப் பழைய முறை இதுதான். ஏற்கெனவே அகப்பட்ட வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அடையாளம் என்பது அந்தப் புரோகிராமுக்கே உரிய ஓர் எண் வரிசை. அல்லது, கோப்பு முழுவதையும் ஒரு கணக்கில் போட்டுக் கிடைக்கும் 'விரல்ரேகை'. ஆயிரம் பக்கக் கோப்பானாலும் அதன் விரல்ரேகை 64 எழுத்துகளில் அடங்கிவிடும்.

இந்த முறை வேகமானது, தவறும் குறைவு. ஆனால் கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் விரல்ரேகை முழுவதும் வேறாகிவிடுகிறது. ஒவ்வொரு தொற்றலின்போதும் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் வைரஸ் 1990இலேயே வந்துவிட்டது. ஜெர்மனியின் மக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகம் ஒரு நாளில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தீய புரோகிராம்களைப் பதிவு செய்வதாகச் சொல்கிறது. வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு ஐந்து! இவற்றில் பெரும்பாலானவை பழையவையே வேடம் மாறி வந்தவை. எனினும் சுவரில் படம் ஒட்டி மாளாது என்பது தெளிவு.

ஆகவே இரண்டாவது முறை தேவைப்படுகிறது. முகத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்ப்பது. நள்ளிரவில் ஒருவன் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுப் பூட்டையும் அசைத்துப் பார்த்துக்கொண்டு போனால், அவன் படம் காவல் நிலையத்தில் இல்லாவிட்டாலும் சந்தேகப்படுவோம் அல்லவா? அதுபோல, ஒரு புரோகிராம் நிமிடத்துக்கு நூறு கோப்புகளைத் திறந்து மாற்றி எழுதினாலோ, விசைப்பலகையை ஒட்டுக்கேட்டாலோ, காவலாளி அதை நிறுத்தி வைக்கிறான். சில காவலாளிகள் சந்தேகத்துக்குரிய புரோகிராமை முதலில் ஒரு பொய்யான கணிப்பொறிக்குள் ஓடவிட்டு, அங்கே என்ன செய்கிறது என்று வேடிக்கை பார்ப்பதும் உண்டு.

தவறே செய்யாத காவலாளி

'நூற்றுக்கு நூறு பாதுகாப்பு' என்று விளம்பரங்கள் வருகின்றன. அது முடியாது என்பதற்குக் கணித நிரூபணம் இருக்கிறது. கொடுத்தவரும் மேலே சொன்ன கோஹென்தான். நிரூபணம் எளிது, காகிதமும் பென்சிலும்கூட வேண்டாம்.

எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது வைரஸா இல்லையா என்று ஒருபோதும் தவறாமல் சொல்லும் புரோகிராம் ஒன்றை ஒருவர் எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதற்குச் 'சோதிடர்' என்று பெயரிடுவோம். இப்போது நாம் 'குறும்பன்' என்ற இன்னொரு புரோகிராமை எழுதுகிறோம். சோதிடரின் பிரதி ஒன்றைக் குறும்பன் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறான். ஓடத் தொடங்கியதும், "சோதிடரே, நான் வைரஸா?" என்று கேட்கிறான். "ஆம்" என்று விடை வந்தால் எதுவும் செய்யாமல் படுத்துக்கொள்கிறான். "இல்லை" என்று விடை வந்தால் உடனே பரவத் தொடங்குகிறான்.

சோதிடர் என்ன விடை சொல்வார்? வைரஸ் என்றால், குறும்பன் பரவுவதே இல்லை. ஆகவே அவன் வைரஸ் அல்லன். சோதிடர் சொன்னது தவறு. வைரஸ் அன்று என்றால், அவன் பரவுகிறான், ஆகவே வைரஸ், அப்போதும் சோதிடர் சொன்னது தவறு. எந்த விடை சொன்னாலும் பொய்யாகும்! ஒருபோதும் தவறாத சோதிடர் இருக்கிறார் என்று நாம் தொடக்கத்தில் கொண்டதே பிழை என்பது இதனால் விளங்குகிறது. இன்னும் வேகமான கணிப்பொறி வந்தாலும், இன்னும் கெட்டிக்காரர்கள் எழுதினாலும் இந்த முடிவு மாறாது. நிரந்தர இயக்க எந்திரத்தைச் செய்துவிட்டேன் என்று ஒருவர் வந்தால் எப்படிப் பார்ப்பீர்களோ, நூற்றுக்கு நூறு என்ற விளம்பரத்தையும் அப்படியே பாருங்கள்.

ஒரு சிறு கணக்கு

எல்லாக் காவலாளியும் தவறுவான் என்றால், எப்படித் தவறுகிறான் என்பதைத்தான் பார்க்கவேண்டும். தவறு இரண்டு வகை. திருடனைத் தவறவிடுவது ஒன்று. நல்லவனைத் திருடன் என்று பிடிப்பது மற்றொன்று. விளம்பரங்கள் முதல் வகையை மட்டுமே பேசும். இரண்டாவது எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் கணிப்பொறியில் 3,00,000 கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். வீட்டுக் கணிப்பொறிக்கு இது பெரிய எண்ணிக்கையன்று. அவற்றில் 3 மட்டுமே தீயவை. காவலாளி, தீயவற்றில் நூற்றுக்கு 99ஐப் பிடிக்கிறான். நல்லவற்றில் ஆயிரத்துக்கு ஒன்றை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறான். கேட்பதற்கு மிக நல்ல காவலாளிதான். சோதனை முடிந்ததும் என்ன கிடைக்கும்? தீய கோப்புகள் மூன்றும் ஏறக்குறைய அகப்பட்டுவிடும். கூடவே, ஒரு பாவமும் அறியாத 300 கோப்புகளும் மாட்டிக்கொள்ளும்! நூறு எச்சரிக்கைகளில் ஒன்றுதான் உண்மை. இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பீர்கள். மூன்றாம் நாள் எச்சரிக்கை வந்தால் படிக்காமலே மூடிவிடுவீர்கள். பால்காரரைப் பார்த்தும் தபால்காரரைப் பார்த்தும் ஓயாமல் குரைக்கும் நாய், திருடன் வரும் இரவில் குரைத்தாலும் யார் எழுந்திருக்கப் போகிறார்கள்?

வீண் எச்சரிக்கை வெறும் தொல்லையோடு நின்றுவிடுவதும் இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய புதுப்பித்தலில் ஒரு பிழை இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கு இன்றியமையாத ஒரு கோப்பையே அது வைரஸ் என்று கருதிப் பிடித்தது. அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் ஏராளமான கணிப்பொறிகள் முடங்கின. காவலாளியிடம் வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொடுத்திருக்கிறோம் என்பது அன்று பலருக்கு உறைத்தது.

சரி, எதைப் போடுவது?

முதலில், இருப்பதைப் பாருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணிப்பொறியில் டிஃபென்டர் ஏற்கெனவே இருக்கிறது. தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பக்கத்தைத் திறந்து, அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் குறைகிறது என்று யாரோ நிறுத்தி வைத்திருப்பார்கள். பல வீடுகளில் நான் கண்டது இது. பெரும்பாலான வீடுகளுக்கு இந்தக் காவலாளியே போதும் என்பது என் கருத்து.

வேறொன்று வேண்டும் என்றால், கடைக்காரர் சொல்வதைவிட ஆய்வகங்கள் சொல்வதைக் கேளுங்கள். மேலே சொன்ன ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்புக்கு 6, கணிப்பொறிக்கு ஏற்படும் சுமைக்கு 6, வீண் எச்சரிக்கை இல்லாமைக்கு 6 என்று 18 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைக்கிறது. ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்றோர் ஆய்வகம் உண்டு. முடிவுகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஒரே ஒரு தேர்வில் முதலிடம் பெற்றதைக் கொண்டு மயங்காதீர்கள். மாணவர்களாகிய உங்களுக்கு இது சொல்லாமலே தெரியும். இரண்டு ஆய்வகங்களிலும் இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து நல்ல மதிப்பெண் பெற்றுவருகிறதா என்று பாருங்கள். வீண் எச்சரிக்கைப் பகுதியை மறக்காமல் படியுங்கள். சென்னையின் கே7, புணேயின் குவிக் ஹீல் போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகளையும் இதே தராசில் நிறுத்துப் பாருங்கள்.

சுமையை நீங்களே அளக்கலாம். நல்ல இயற்பியல் சோதனை இது. ஏறக்குறைய 2,000 படங்கள் உள்ள ஒரு ஃபோல்டரை எடுத்துக்கொண்டு, அதை வேறிடத்துக்குப் பிரதி எடுக்க ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்துகொள்ளுங்கள். புதிய ஆன்டிவைரஸைப் போட்ட பிறகும் அளவுங்கள். ஒவ்வொரு முறையும் கணிப்பொறியை அணைத்துப் போட்டபின் அளக்கவேண்டும்; இல்லாவிட்டால் முன்பு படித்ததை அது நினைவில் வைத்துக்கொண்டு உங்களை ஏமாற்றிவிடும். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள்.

இரண்டு காவலாளிகளை ஒரே நேரத்தில் வேலைக்கு வைக்கக்கூடாது. ஒரு கோப்பைத் திறக்கும்போது இருவரும் ஒருசேரப் பாய்ந்து அதைப் பிடிக்கப் பார்ப்பார்கள். ஒருவருடைய பட்டியலில் உள்ள வைரஸ் அடையாளங்களைக் கண்டு மற்றவர் கூச்சலிடுவதும் உண்டு. நடுவில் நம் கணிப்பொறி ஊர்ந்து செல்லும். வேறு ஆன்டிவைரஸைப் போட்டால் டிஃபென்டர் தானே ஒதுங்கிக்கொள்வது இதனால்தான். எப்போதாவது அழைத்துச் சோதிக்கச் சொல்லும் இரண்டாவது புரோகிராம் இருப்பதில் தவறில்லை. நம் அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் 2017 முதல் இத்தகைய கருவிகளை இலவசமாகவே தருகிறது.

அடுத்து, காவலாளிக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். இலவச ஆன்டிவைரஸால் உலகெங்கும் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், தன் மென்பொருளின் மூலம் திரட்டிய பயனாளர்களின் இணைய உலாவல் விவரங்களை ஒரு துணை நிறுவனத்தின் வழியாக விற்றுவந்தது. செய்தி வெளியானதும் 2020இல் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தும்படியும், அத்தகைய விவரங்களை விளம்பரத்துக்காக விற்கக்கூடாதென்றும் நடவடிக்கை எடுத்தது. ஒற்றனைப் பிடிக்க வைத்தவரே ஒற்று வேலை பார்த்த கதை! இலவசம் எல்லாமே தீயது என்று இதற்குப் பொருளல்ல. நிறுவும்போது வரும் 'விவரங்களைப் பகிரலாமா?' என்ற கேள்விக்கு, படித்துப் பார்த்து விடை சொல்லுங்கள்.

இன்னொன்று. வலைத்தளம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சிவப்பு எழுத்தில், 'உங்கள் கணிப்பொறியில் 37 வைரஸ்கள்! உடனே இதை அழுத்துங்கள்' என்று தோன்றினால் அழுத்தாதீர்கள். ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் வட்டு முழுவதையும் சோதிக்க முடியாது. அந்த 37 என்பது படத்தில் வரைந்த எண். அழுத்தினால் வருவது ஆன்டிவைரஸ் வேடமிட்ட திருடன். ஆன்டிவைரஸ் வேண்டுமென்றால், அதைத் தயாரிப்பவரின் சொந்தத் தளத்துக்கு நீங்களாகவே முகவரியைத் தட்டிச் செல்லுங்கள்.

கதவு திறந்திருந்தால்

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற புரோகிராம் உலகெங்கும் பரவியது. கோப்புகளையெல்லாம் ரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்தது விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. 59 நாட்கள்! திருத்தத்தை ஏற்றுக்கொண்ட கணிப்பொறிகளில் அந்த வழி அடைபட்டிருந்தது. 'புதுப்பிக்கட்டுமா?' என்று கணிப்பொறி கேட்கும்போது 'பிறகு' என்ற பொத்தானை அழுத்துவது எவ்வளவு எளிது என்பது எனக்கும் தெரியும். விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

பூட்டப்பட்ட கோப்புகளை ஆன்டிவைரஸ் திறந்து கொடுக்காது. அது வைரஸை அகற்றும். ரகசியக் குறியீட்டை உடைக்க அதனிடம் சாவி இல்லை. தாத்தாவின் படங்களுக்கு உண்மையான பாதுகாப்பு, அவற்றின் பிரதியைத் தனியான ஒரு வட்டில் எடுத்து, வட்டைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி அலமாரியில் வைப்பதுதான். கழற்றாமல் விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

செய்து பாருங்கள்

உங்கள் காவலாளி விழித்திருக்கிறானா என்று எப்படி அறிவது? உண்மையான வைரஸை விட்டுச் சோதிக்க முடியாதல்லவா? இதற்காகவே ஆன்டிவைரஸ் நிபுணர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 'ஐகார் சோதனைக் கோப்பு' என்று அதற்குப் பெயர். 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட சாதாரணக் கோப்பு. எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோலவே எச்சரிக்கவேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தமக்குள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐகார் அமைப்பின் தளத்திலேயே அது கிடைக்கும். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு அதை இறக்கிப் பாருங்கள். கோப்பு வந்து சேர்வதற்குள்ளேயே எச்சரிக்கை வரவேண்டும். வரவில்லையென்றால் காவலாளி தூங்குகிறான். பள்ளிக் கணிப்பொறியில் மட்டும் ஆசிரியரின் அனுமதியில்லாமல் இதைச் செய்யாதீர்கள். அங்கே எச்சரிக்கை உங்கள் திரையில் மட்டும் வராது, பொறுப்பாளருடைய திரையிலும் வரக்கூடும்!